அளந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

சுப்ராய ஹெக்டேவுக்கு முப்பத்தைந்து வயது வரை கல்யாணம் ஆகாததற்குச் சனியும் காரணமில்லை, செவ்வாயும் காரணமில்லை. செல்போன் டவர்தான் காரணம் என்பது அவன் ஊரான கோடிபைலில் பால் கறக்கிற மாடுகளுக்குக்கூடத் தெரியும். ஆளைக் குறை சொல்ல முடியாது. நல்ல உயரம், சிரித்த முகம், சொந்தப் பாக்குத் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, பி.காம். வேறு. ஆனால் சிரசியிலோ பெங்களூரிலோ ஜாதகத்தைக் கையில் வாங்குகிற பெண் முதலில் கிரகங்களைப் பார்ப்பதில்லை, ஊர்ப் பெயரைக் கேட்டுப் போனில் வரைபடத்தைப் பார்ப்பாள். சிக்னல் உள்ள இடமெல்லாம் பச்சையாக இருக்கும். கோடிபைலு வருகிற இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

போன மழைக்காலம் வரை கோடிபைலில் போன் என்பது கையில் வைத்திருக்கிற பொருள் அல்ல, தொங்கவிடுகிற பொருள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒற்றைக் கோடு சிக்னல் நொண்டிக்கொண்டு வரும். சுப்ராயா வீட்டில் அது மாட்டுக்கொட்டிலின் கிழக்குக் கம்பம். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தக் கம்பத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். மணி அடித்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓட வேண்டும். ஒருமுறை ஒரு பெண்வீட்டார் கூப்பிட்டபோது, சுப்ராயாவின் அம்மா மஹாதேவி ஆயி சாணிக் கையோடு ஓடிப்போய் எடுத்தாள். பக்கத்தில் நின்ற எருமை என்ன நினைத்ததோ, ஆயி வாயைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் திறந்தது. அந்த ஜாதகமும் பொருந்தவில்லை.

இந்த அநியாயத்தைப் பொறுக்க மாட்டாமல் கிளம்பியவர் கஜானன பட்டர். ஆயியின் அண்ணன், சுப்ராயாவுக்கு மாவா. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் அவர் வீடு. வாலிபத்தில் யக்ஷகானக் கூத்தில் ராவணன் வேஷம் கட்டியவர். வேஷத்தைக் கலைத்துவிட்டார், குரலைக் கலைக்க மறந்துவிட்டார். அவர்தான் நெட்வொர்க் போராட்டக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, டவரைச் சரி செய்யாவிட்டால் ஓட்டுப் போட மாட்டோம் என்று ஊர் எல்லையில் பலகை கட்டினார். அதோடு விட்டாரா? ஒவ்வொருவர் போனிலும் வேகத்தை அளக்கிற ஸ்பீடு டெஸ்ட்டை ஏற்றினார். காலையில் வெற்றிலை போடுவதற்கு முன்னால் எல்லோரும் வேகத்தை அளக்க வேண்டும். முள் பூஜ்யத்தில் படுத்திருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு குன்றின் மேல் ஏறி, சிக்னல் கிடைத்ததும் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். பல் தேய்க்க மறந்தவர்கள் உண்டு, ஸ்பீடு டெஸ்ட்டை மறந்தவர்கள் கிடையாது.

அனுப்பிய படங்களைப் பார்த்துச் சலித்தார்களோ, தேர்தலுக்குப் பயந்தார்களோ, மழை நின்றதும் ஆட்கள் வந்து குன்றின் மேலிருந்த பழைய டவரில் புதுப் பெட்டிகளையும் புதுத் தகடுகளையும் ஏற்றினார்கள். திறப்பு விழாவுக்குக் கஜானன பட்டர் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு போய்த் தேங்காய் உடைத்தார். சுப்ராயா தன் முற்றத்தில் போனைத் திறந்தான். நாலு கோடு. வீடியோ ஒன்றைத் தொட்டான், அவன் விரலை எடுப்பதற்குள் அதில் ஒருத்தி ஆட ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டில் கம்பத்து ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆயியைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆயி பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் குளிருமே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சால்வையோடு வீட்டுக்குத் திரும்பிய கஜானன பட்டர் கதைதான் பாவம். அவர் வீட்டில் முன்பு நொண்டிக்கொண்டாவது வந்த அந்த ஒற்றைக் கோடும் போயே போய்விட்டது. அவர் வீட்டில் மட்டுமல்ல, மலைக்குப் பின்னால் இருந்த அத்தனை வீட்டிலும் அதே கதை. டவர் இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டதில் அவர் பொறுமையாக விளக்கினாராம். பழைய அலை மெதுவாகப் போகும், ஆனால் மேடு பள்ளமெல்லாம் நுழைந்து போகும். புது அலைக்கு வேகம் அதிகம், குறுக்கே மலை வந்தால் அங்கேயே நின்றுவிடும். டவருக்கு நேர் எதிரில் இருக்கிற வீடுகளுக்குத்தான் முழு வேகம் என்றார். நேர் எதிரில் இருந்தது ஒரே ஒரு வீடு. சுப்ராயா வீடு.

அப்புறம் என்ன, அவன் முற்றம் திருவிழாவாகிவிட்டது. பாக்கு அறுவடைக் காலம். சாயங்காலமானால் ஒரு நாள் ஒரு வீடு என்று முறை போட்டு, எல்லோருமாகச் சேர்ந்து பாக்கு உரித்துக் கொடுப்பது கோடிபைலு வழக்கம். அந்த வருஷம் எல்லோருக்கும் சுப்ராயா வீட்டுப் பாக்கின் மேல் மட்டும் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. முறையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, இருட்டுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கை பாக்கு உரிக்கும், ஒரு கை போனைத் தடவும். அவன் தோட்டத்துப் பாக்கு முழுவதும் உரித்துத் தீர்ந்து வெயிலில் காய்ந்தபோது, மற்றவர்கள் பாக்குக் குலைகள் அவரவர் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன. பாக்கு தீர்ந்த பிறகும் அவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு, அந்த ஊரில் காப்பி மாதிரிக் குடிக்கிற மல்லிக் கஷாயம் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? ஆயி கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தாள்.

சுப்ராயாவால் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அது அவன் பிறவிக் குணம். வயிறு நிறைந்த பிறகும் யாராவது இன்னும் கொஞ்சம் என்று கரண்டியை நீட்டினால், அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று இன்னொரு வயிறும் சாப்பிட்டு எழுந்திருப்பான். அவனுடைய வயிறு அதற்குச் சாட்சி.

இந்தச் சமயத்தில்தான் ஷால்மலி வந்தாள். சித்தாபுரத்தில் ஒரு பூணூல் விசேஷம். பந்தியில் சுப்ராயா பரிமாறினான். அவள் இலையில் மோரில் கரைத்த தம்புளியை இரண்டு முறை ஊற்றிவிட்டு மூன்றாம் முறையும் வந்து நின்றபோது, அவள் நிமிர்ந்து பார்த்து, எனக்கு மட்டும்தான் ஊத்துறீங்களா, வரிசையில வேற யாரும் இல்லையா என்று கேட்டாள். வரிசை முழுவதும் சிரித்தது. கை கழுவுகிற இடத்தில் அவளே வந்து பேசினாள். பெங்களூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள், வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிற கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள். அவளும் வரைபடத்தைப் பார்த்திருந்தாள். கோடிபைலில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி புதிதாக முளைத்திருந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பச்சைப் புள்ளியிலிருந்து பெங்களூருக்குப் பேச்சு ஓடியது. இப்போது போன் அவன் கையில் இருந்தது, எருமை ஒட்டுக்கேட்க முடியாது. அவளோடு பேசப் பேச, இத்தனை வருஷம் பொருந்தாத ஜாதகமெல்லாம் நல்லதற்குத்தான் பொருந்தவில்லை என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவளும் சுற்றி வளைக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என் வேலையும் பிடிச்சிருக்கு. ரெண்டுல ஒண்ணை விடுன்னு மட்டும் என்னைக்கும் சொல்லாதீங்க."

அவன் சொல்ல மாட்டான். ஆனால் கம்பெனி சொல்லுமே. வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற கூட்டத்தில் இணைப்பு அறுந்தால், வீட்டிலிருந்து செய்தது போதும், ஆபீசுக்கு வா என்று கூப்பிட்டுவிடுவார்களாம். அவள் குழுவில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனதாம். அதனால் அவள் ஒரு முடிவு செய்திருந்தாள். பெண் பார்க்க அவன் பெங்களூர் வர வேண்டாம், அப்பா அம்மாவோடு அவளே கோடிபைலுக்கு வருவாள். வீட்டைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், மத்தியானம் நெதர்லாந்துக்காரர்களோடு அவளுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, அதை அவன் வீட்டு மாடியிலிருந்தே நடத்துவாள். அறுந்து போகாமல் நடந்தால் சாயங்காலமே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். அறுந்தால் அத்தோடு சரி, பிறகு யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது.

சுப்ராயா சரி என்று சொல்லிவிட்டான். டவரை அவன் நம்பினான். ஊரைத்தான் நம்பவில்லை. முற்றத்தில் கூட்டம் உட்கார்ந்து ஆளுக்கொரு படம் பார்க்க ஆரம்பித்தால் வேகம் எப்படி இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். எனவே மலையைச் சுற்றி வீடு வீடாகப் போனான். வராதீர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. விசேஷத்துக்கு எல்லோரும் வர வேண்டும், ஆனால் மத்தியானம் மட்டும் யாரும் படம் பார்க்கக் கூடாது, வீடியோவில் பேசக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டார்கள். அவன் கல்யாணம் என்ன, ஊர்க் கல்யாணம் அல்லவா? தாக்ஷாயணி அக்கா ஒருபடி மேலே போய், பெங்களூரில் இருக்கிற பேத்தியின் முகத்தைக்கூட அன்று பார்க்க மாட்டேன் என்று கண் கலங்கச் சொன்னாள். பேத்தியின் முகத்தைத் தினம் மூன்று முறை பார்ப்பவள் அவள்.

சொன்ன நாளில் எல்லோரும் வந்தார்கள். விடியற்காலையே வந்து தேங்காய் துருவினார்கள், வாழையிலை அறுத்தார்கள், கரும்புச்சாற்றில் மெல்லிசாகத் தொடதேவு என்கிற இனிப்பை வார்த்து மடித்தார்கள். ஷால்மலியும் அவள் அப்பா நாகேஷ பட்டரும் அம்மாவும் காரிலிருந்து இறங்கியபோது, மாப்பிள்ளை யார் என்று தேட வேண்டியிருந்தது, அத்தனை ஆண்கள் சால்வை போர்த்திக்கொண்டு நின்றார்கள். கஜானன பட்டர் டவர் வந்த கதையைத் தொடங்கினார். அது கோடிபைலு யுத்த காண்டம். முடிவதற்குள் இலை போட்டாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் ஷால்மலி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். சுப்ராயா அந்த அறையை இரண்டு நாளாக ஒழித்து, பாக்கு மூட்டைகளை வெளியேற்றி, மேசையும் மின்விசிறியும் போட்டு, மின்சாரம் போனால் கைகொடுக்கப் புது இன்வெர்ட்டரும் வைத்திருந்தான். வாசலில் நின்று அவள் கேட்டாள், வேலை செய்யும்போது யாராவது வந்து கதவைத் தட்டி, வா ஒரு வாய் பாயசம் குடி என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று. தட்ட விடமாட்டேன் என்றான் அவன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு சுப்ராயா காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அவள் ஆங்கிலம் தடங்கலில்லாமல் ஓடியது. நடுநடுவே யாரோ வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணத்துக்கு எந்தச் சமையல்காரரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் அவள் குரல் நின்றது. கேக்குதா என்றாள். மறுபடி, கேக்குதா என்றாள். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தக் குரலில் அழுகை மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

அவன் தன் போனைப் பார்த்தான். நாலு கோடும் நிமிர்ந்துதான் நின்றன. மின்சாரமும் இருந்தது. இறங்கி ஓடினான்.

முற்றத்துப் பந்தலின் கீழே ஊர் முழுவதும் வட்டமாக உட்கார்ந்திருந்தது. யாரும் படம் பார்க்கவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. கொடுத்த வாக்கை எல்லோரும் அணு அளவும் தவறாமல் காப்பாற்றினார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு காரியம்தான். மேலே அந்தப் பெண்ணுக்கு வேகம் சரியாக வருகிறதா என்ற கவலையில் ஆளுக்கொரு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கஜானன பட்டர் நடுவில் நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், அப்போதுதான் கணக்கு சுத்தமாக வரும் என்று நடத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை எல்லோருக்கும் நன்றாக வந்ததாம். இரண்டாம் தடவை இறங்கிவிட்டதாம். ஏன் இறங்கியது என்று பார்க்க மூன்றாம் தடவை ஓட்டினார்களாம், இன்னும் இறங்கிவிட்டதாம். முகத்தில் கவலை ஏற ஏற அவர்கள் விரல்கள் வேகமாகத் தொட்டன. பெண்ணைப் பெற்ற நாகேஷ பட்டரும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தொட்டுக்கொண்டிருந்தார்.

சுப்ராயா பந்தலுக்குள் நுழைந்தான். கையெடுத்துக் கும்பிட்டு, தயவு செய்து நிறுத்துங்கள், அளந்தாலே வேகம் போகும், இத்தனை போன் ஒரே நேரத்தில் இழுத்தால் மேலே அவளுக்கு என்ன மிஞ்சும் என்று மெதுவாகச் சொன்னான். மெதுவாகச் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை. கஜானன பட்டர் மட்டும் வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அளந்து பாக்கறதுல என்னடா குறைஞ்சிடப் போவுது? பாலையா குடிக்கிறோம், படியை வெச்சுப் பாக்குறோம். நீ போய் மாப்பிள்ளையா லட்சணமா உக்காரு. கோளாறு எங்கன்னு இப்ப கண்டுபிடிச்சு அந்த இன்ஜினியரை உண்டு இல்லைன்னு பண்றேன். எல்லாரும் இன்னொரு தடவை தொடுங்க."

மாடியிலிருந்து அவள் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை கேக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க என்று ஆங்கிலத்தில் யாரிடமோ திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் சுப்ராயாவுக்குள் முப்பத்தைந்து வருஷமாக மடங்கியே கிடந்த ஏதோ ஒன்று நிமிர்ந்தது. கோபம் என்றால் கோபம், பயம் என்றால் பயம். இவளையும் இழந்துவிட்டால் ஜாதகத்தைக் குறை சொல்ல முடியாது, தன் வாயைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

"மாவா, நிறுத்துங்க. அவ வேலையில இருக்கா. மேல ஒரு மனுஷி வேலை பாத்துக்கிட்டிருக்கா. எல்லாரும் போனை அணைங்க. மாவா, முதல்ல நீங்க அணைங்க."

ராவணன் வேஷம் கட்டியவர் வீட்டு ரத்தம் அவனுக்குள்ளும் ஓடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. பந்தலே அதிர்ந்தது. கொட்டிலில் எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. தாக்ஷாயணி அக்கா பதறிப்போய்ப் போனை அணைக்கிற பொத்தான் எது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நாகேஷ பட்டர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தான் அந்தப் பக்கமே வராதவர் மாதிரி பாக்கு மரங்களை எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு திரையாக இருண்டது. கஜானன பட்டர் மட்டும் அசையாமல் நின்றார். பிறகு எல்லோரும் பார்க்கும்படி போனைத் தூக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்தி, திரை சாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டவரைக் கொண்டுவந்தவன் நான். என் வீட்டுல இருந்த ஒரு கோடும் போச்சு. இப்ப என் தங்கச்சி பையன் என்னையே அணைச்சுட்டான்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலின் ஓரத்துக் கல்லில் தோட்டத்தைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வயசான மனிதர் முதுகு அப்படிக் கூனி இருந்ததைப் பார்க்கச் சுப்ராயாவுக்கு மனசு பிசைந்தது. போய்க் காலில் விழலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் மாடியில் அவள் ஆங்கிலம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அவன் படிக்கட்டின் கீழ்ப் படியில் போய்க் குறுக்காக உட்கார்ந்துகொண்டான். பாயசக் கிண்ணத்தோடு வந்த ஒருத்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

கூட்டம் முடிந்து ஷால்மலி இறங்கி வந்தாள். அத்தனை பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்கள். நாகேஷ பட்டர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நெட்வொர்க் எப்படிம்மா இருந்தது என்று கேட்டார்.

"மோசம்பா. ரொம்ப மோசம். நடுவுல என் முகம் வாயைத் திறந்தபடியே நின்னுபோச்சாம். மேனேஜர் இனிமே இப்படி நடந்தா ஆபீசுக்கு வந்துடுன்னுட்டார்."

சுப்ராயா தரையைப் பார்த்தான். போயிற்று என்று நினைத்தான். சாயங்காலத்துக்கு வாங்கி வைத்திருந்த வெற்றிலைக் கட்டு சமையலறை மூலையில் ஈரத்துணிக்குள் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்ற யோசனைகூட வந்தது.

ஷால்மலி தொடர்ந்தாள். நடுவில் ஒரு கணம் இணைப்பு திரும்பி வந்தபோது சரியாகக் கீழே யாரோ கத்தினார்களாம். அந்தச் சத்தம் நெதர்லாந்து வரை போய்விட்டதாம். என்ன சொல்கிறார் அந்த மனிதர், ஏதாவது ஆபத்தா என்று அவர்கள் பயந்துபோய்க் கேட்டார்களாம்.

"நான் வேலையில இருக்கேன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கார்னு சொன்னேன். அந்த நெதர்லாந்து அம்மா சிரிச்சுட்டு, மெதுவாவே சொல்லு, நாங்க காத்திருக்கோம்னாங்க." அவள் அப்பாவைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல நாலு வருஷமா வேலை பாக்குறேன்பா. நெட்வொர்க் ஒருநாளும் நின்னதில்ல. உங்க டீவிச் சத்தமும் ஒருநாளும் நின்னதில்ல."

நாகேஷ பட்டர் மீண்டும் பாக்கு மரங்களை எண்ண ஆரம்பித்தார். ஷால்மலி சுப்ராயாவின் பக்கம் திரும்பி, டவருக்கு இன்னும் ஒரு பெட்டி வைக்கச் சொல்லி மாவாவை வைத்துப் போராடலாம், தானும் பலகை பிடிக்கிறேன், தாம்பூலத்தை எடுத்து வரச் சொல்லுங்கள் என்றாள். அவனுக்குச் சொன்னது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயியைக் கூப்பிடச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

ஆயி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், நிலைப்படியில், கையில் கரண்டியோடு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே வேறு என்னவோவும் இருந்தது. யாரையும் பார்க்காமல், கரண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நானும் இந்த வீட்டுலதான் வேலை பாக்குறேன். அவ வேலையில இருக்கான்னு எனக்காக ஒருத்தரும் சத்தம் போட்டதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிய விருந்து நடக்கிற வீட்டில், பகல் வெளிச்சத்தில், எல்லோர் முன்னாலும் ஆயி உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. சுப்ராயாவும் பார்த்ததில்லை. அவள் கால்கள் வீங்கியிருந்தன. இத்தனை மாதமாக முற்றத்துக்கு எத்தனை தம்ளர் கஷாயம் போயிருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்லின் மேலிருந்து, திரும்பாமலேயே, கஜானன பட்டரின் குரல் வந்தது. தங்கச்சி, கோபத்துல இருக்கிறவனுக்கு ஒரு வாய் கஷாயம்கூடக் கிடையாதா என்று கேட்டது. அது சமாதானக் கொடி என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆயியின் கை தானாக நிலைப்படியை ஊன்றியது, உடம்பு எழுந்திருக்கப் போனது. சுப்ராயா குனிந்து அவள் தோளைத் தொட்டான்.

"ஆயி உக்காந்திருக்கா மாவா. கஷாயம் அடுப்புல சூடா இருக்கு. நீங்க வந்து ஊத்திக்கோங்க."

கஜானன பட்டர் மெதுவாகத் திரும்பினார். மருமகனைப் பார்த்தார், மாடிப்படியில் நின்ற பெண்ணைப் பார்த்தார், கடைசியில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். ஆயி முழங்காலை மடக்கி வழிவிட்டாள். உள்ளே போனவர் வெகுநேரம் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, இத்தனை வருஷமாகச் சாப்பிட்டுப் பழகிய வீட்டில், தம்ளரெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் குரலில் ராவணன் இல்லை.

மேல் பலகையில், வலது கைப்பக்கம் என்றாள் ஆயி. எழுந்திருக்கவில்லை.